பழைய கணிப்பொறிக்குப் புதிய வரைகலை அட்டை



பிழைப்பின் பொருட்டுப் பிற மாநிலங்களில் குடியேறி வாழும் நம்மவர் இல்லங்களில் கணிப்பொறி இன்று அவசியமான ஒரு சாதனமாகிவிட்டது. பிள்ளைகளின் படிப்பும், பெரியவர்களின் அலுவலும், மாலைப் பொழுதின் விளையாட்டும் அதன் முன்னேதான் நடைபெறுகின்றன. அத்தகைய கணிப்பொறி சில ஆண்டுகள் உழைத்தபின், திரையில் படம் விட்டுவிட்டு ஓடத் தொடங்குகிறது. “கிராபிக்ஸ் கார்டு பழையதாகிவிட்டது, மாற்ற வேண்டும்” என்று மகன் கூறுகிறான். கடைக்காரரும் அதையே கூறி ஒரு விலையையும் சொல்கிறார். வீட்டு வாடகை, பள்ளிக் கட்டணம், ஊருக்கு அனுப்பும் பணம் ஆகியவை போக மிஞ்சுவதிலிருந்து அந்த விலையைக் கொடுக்க வேண்டும். கொடுத்த பணத்திற்குரிய பயன் கிடைக்குமா என்பதே இங்கு ஆராய வேண்டிய கேள்வி.

முதலில், வரைகலை அட்டை செய்யும் வேலை என்ன என்பதைக் காண்போம். கணிப்பொறியின் திரை சிறு சிறு புள்ளிகளால் ஆனது. அகலவாட்டில் 1920, உயரவாட்டில் 1080 என்ற அளவுள்ள சாதாரணத் திரையில் ஏறத்தாழ 20 லட்சத்து 73 ஆயிரம் புள்ளிகள் உள்ளன. அசைவு இயல்பாகத் தோன்ற, நொடிக்கு 60 படங்கள் வரைவது நன்று. அதாவது, ஒரு நொடிக்குள் 12 கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகளின் நிறத்தை நிர்ணயித்தாக வேண்டும். ஒவ்வொரு படத்திற்கும் கிடைக்கும் அவகாசம் ஒரு நொடியின் அறுபதில் ஒரு பங்கே. ஒரே மாதிரியான கணக்குகளை ஆயிரக்கணக்கில் ஒருங்கே போட்டு முடிக்கும் சில்லும், அக்கணக்கிற்கு வேண்டியவற்றைக் கையருகே வைத்திருக்கும் தனி நினைவகமும் சேர்ந்ததே வரைகலை அட்டை. அச்சில்லின் வேகம் போதாதபோதும், நினைவகம் நிரம்பி வழியும்போதும் படம் தடுமாறுகிறது.

ஆனால் படம் தடுமாறும் ஒவ்வொரு வேளையிலும் குற்றம் அட்டையினுடையதே என்று முடிவு கட்டிவிடலாகாது. ஏரியில் நீர் நிறைந்திருந்தாலும், மதகு குறுகியதாயின் வயலுக்கு நீர் மெல்லத்தான் பாயும். கணிப்பொறியிலும் மையச் செயலி, நினைவகம், வட்டு, அட்டை ஆகிய பலவும் ஒன்றன்பின் ஒன்றாக நின்று வேலை செய்கின்றன. எது குறுகிய மதகு என்று கண்டுபிடித்த பின்னரே செலவைப் பற்றி நினைக்க வேண்டும்.

செலவில்லாத பரிகாரத்தை முதலில் செய்து பார்ப்பது நலம். தூசியும் வெப்பமும் அட்டையின் பெரும் பகைவர்கள். தில்லியிலும் நாகபுரியிலும் கோடையின் வெம்மை 45 பாகையை எட்டுவதுண்டு. விசிறியிலும் அதன் கீழுள்ள அலுமினியத் தகடுகளிலும் தூசி படிந்துவிட்டால் சூடு வெளியேறுவதில்லை. சில்லு கருகிவிடாதபடி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. விளையாடத் தொடங்கிய பத்து நிமிடம் நன்றாக ஓடிப் பின்பு தடுமாறுகிறதெனில், வெப்பமே காரணமாக இருத்தல் கூடும். மின்னிணைப்பைத் துண்டித்து, மென்மையான தூரிகையால் தூசியை அகற்றி, காய்ந்துபோன வெப்பப் பசையைப் புதுப்பித்தால் பழைய அட்டை இழந்த வேகத்தைத் திரும்பப் பெறுவதுண்டு. பசை ஒரு சிறு குழாய் போதும். அதன் விலையும் சொற்பமே.

அடுத்து, அளந்து பார்க்கும் முறை. விண்டோஸில் ‘டாஸ்க் மேனேஜர்’ என்னும் பகுதியைத் திறந்தால், எந்த உறுப்பு எத்தனை விழுக்காடு உழைக்கிறது என்று காட்டும். விளையாட்டு ஓடும்போது வரைகலை அட்டை நூற்றுக்கு நூறை ஒட்டியும், மையச் செயலி அதற்குக் குறைவாகவும் உழைத்தால், குறை அட்டையிடம் உள்ளது. மற்றொரு சோதனை இன்னும் எளிது. விளையாட்டின் அமைப்புப் பக்கத்தில் ரெசல்யூஷனைக் குறைத்துப் பாருங்கள். வரைய வேண்டிய புள்ளிகள் குறைந்ததும் படங்களின் எண்ணிக்கை கூடினால், அட்டையே குறுகிய மதகு. கூடவில்லையெனில், புள்ளிகளின் சுமை காரணமன்று. செயலியோ நினைவகமோ பின்தங்குகிறது. அந்நிலையில் எவ்வளவு உயர்ந்த அட்டையை வாங்கிப் பொருத்தினாலும் பயனில்லை. கணிப்பொறி தொடங்குவதற்கே பல நிமிடங்கள் ஆகிறதெனில், சுழலும் பழைய வட்டிற்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. ஒன்றை மாட்டுவதே நல்ல மருந்து.

இணையவழிப் பாடங்களின் காணொளி மட்டும் திக்கித் திக்கி ஓடுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. காணொளிகள் சுருக்கி அனுப்பப்படுகின்றன. பெறுகின்ற கணிப்பொறி அவற்றை விரித்துக் காட்ட வேண்டும். வி.பி.9, ஏ.வி.1 என்னும் புதிய சுருக்க முறைகளைப் பழைய அட்டைகள் அறியா. அவ்வேலை முழுதும் மையச் செயலியின் தலையில் விழுகிறது. இதற்கு முதல் சிகிச்சை, காணொளியின் தரத்தை ஒரு படி குறைத்து வைப்பது.

இவ்வளவும் செய்து பார்த்த பின்னர், அட்டைதான் காரணம் என்று தெளிவாகத் தெரிந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். இனி எதை வாங்குவது? இவ்விடத்தில்தான் பலர் விலைப்பட்டியலைப் பார்க்கத் தொடங்குகின்றனர். பார்க்க வேண்டியது வீட்டிலுள்ள பெட்டியை. நம் மக்கள் பலரிடம் காணப்படும் ஓர் அமைப்பையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம்: பெரிய அலுவலகங்கள் கழித்துவிட்ட கணிப்பொறி, 2013-ஆம் ஆண்டில் வெளிவந்த இன்டெல் நான்காம் தலைமுறை ‘ஐ 5’ செயலி, 8 ஜிகாபைட் நினைவகம், 2014-இல் வெளிவந்த என்விடியா ஜி.டி.எக்ஸ். 750 டி.ஐ. அட்டை, 2 ஜிகாபைட் நினைவகத்துடன். இதன் வரம்புகள் எவை?

முதல் வரம்பு மின்சாரம். அட்டை செருகப்படும் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் துளை, அதிக அளவாக 75 வாட் மின்சாரத்தைத் தரும். அதற்கு மேல் வேண்டிய அட்டைக்கு, பவர் சப்ளையிலிருந்து தனிக் கம்பி வர வேண்டும். ஆறு முனை இணைப்பு 75 வாட், எட்டு முனை இணைப்பு 150 வாட் என்பது விதி. அலுவலகப் பெட்டிகள் பலவற்றில் இக்கம்பிகள் இருப்பதே இல்லை; பவர் சப்ளையின் மொத்த ஆற்றலும் 250 அல்லது 300 வாட் அளவிலேயே நின்றுவிடுகிறது. மேற்சொன்ன செயலிக்கு 84 வாட் ஒதுக்குங்கள். வட்டு, விசிறி, மதர்போர்டு ஆகியவற்றிற்கு ஒரு 50 வாட் ஒதுக்குங்கள். 75 வாட் அட்டையையும் சேர்த்தால் 209 வாட். பழைய பவர் சப்ளைக்கு இதுவே போதிய சுமை.

“கம்பி இல்லையென்றால் என்ன? மாற்றிக் கம்பி போட்டுத் தருகிறேன்” என்று சில கடைகளில் கூறுவார்கள். இதை ஏற்கலாகாது. வட்டுகளுக்கு மின்சாரம் தரும் சாட்டா இணைப்பு, 12 வோல்ட் பகுதியில் 54 வாட் வரைதான் தாங்குவதற்கென அமைந்தது. அதனின்று 75 வாட் இழுக்கும் ஆறு முனை இணைப்பை ஏற்படுத்தினால், கம்பி சூடேறி உருகவும் தீப்பற்றவும் இடமுண்டு. சில நூறு ரூபாயை மிச்சப்படுத்தப் போய் வீட்டை ஆபத்திற்கு உள்ளாக்குதல் சிக்கனம் ஆகாது.

இரண்டாவது வரம்பு இடம். ஒல்லியான பெட்டிகளில் ‘லோ புரொஃபைல்’ எனப்படும் குறு உயர அட்டைகளே நுழையும். நீளத்தையும் அளவுகோல் வைத்து அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது வரம்பு திரை. பழைய திரைகள் நீல நிற விஜிஏ கம்பியை மட்டுமே ஏற்கும்; இன்றைய அட்டைகளில் அந்த வாயில் இல்லை. மின்குறியை மாற்றித் தரும் சிறு கருவி ஒன்றை வாங்க வேண்டியிருக்கும். அதன் விலையையும் கணக்கில் சேர்த்தல் வேண்டும்.

இவ்வரம்புகளுக்குள், அதாவது தனிக் கம்பி இல்லாமல் 75 வாட்டுக்குள் இயங்கும் அட்டைகளை வரிசைப்படுத்திப் பார்ப்போம். நம்மிடமுள்ள 750 டி.ஐ.-யில் 640 கணக்கீட்டு அலகுகள் உள்ளன. 2016-இல் வந்த ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ. 768 அலகுகளும் 4 ஜிகாபைட் நினைவகமும் கொண்டது. 2019-இல் வந்த ஜி.டி.எக்ஸ். 1650-இல் 896 அலகுகள், 4 ஜிகாபைட். 2024-இல் வந்த ஆர்.டி.எக்ஸ். 3050-இன் 6 ஜிகாபைட் வகையில் 2304 அலகுகள். அதுவோ 70 வாட்டே உண்கிறது. தலைமுறைக்குத் தலைமுறை அலகின் அமைப்பு மாறுவதால், எண்ணிக்கையை மட்டும் கொண்டு வேகத்தை நேராக அளந்துவிட முடியாது. எனினும் அதே அளவு மின்சாரத்தில் பத்தாண்டுகளில் விளைந்த முன்னேற்றம் இதனால் புலப்படும்.

இங்கே கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. 1050 டி.ஐ., 1650 ஆகிய இரண்டும் பழைய பொருள்களை விற்கும் கடைகளில் கிடைப்பவை. விலையில் முன்னது குறைவு. ஆதலால் அதையே வாங்கத் தோன்றும். ஆனால் அட்டை இயங்க ‘டிரைவர்’ எனும் இயக்கு நிரல் வேண்டும். புதிய விளையாட்டுகளுக்கு ஏற்ப அந்நிரலை உற்பத்தியாளர் அவ்வப்போது திருத்தித் தர வேண்டும். மேக்ஸ்வெல், பாஸ்கல் தலைமுறைகளுக்கு அத்தகைய திருத்தங்களை 2025 அக்டோபருடன் என்விடியா நிறுத்திக்கொண்டு, பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் 2028 அக்டோபர் வரை தருவதாக அறிவித்தது. 750 டி.ஐ. மேக்ஸ்வெல் வகையைச் சேர்ந்தது, 1050 டி.ஐ. பாஸ்கல் வகையைச் சேர்ந்தது. 1650 அதற்கு அடுத்த டூரிங் தலைமுறை. அந்த அறிவிப்பு அதைத் தொடவில்லை. ஆகவே 750 டி.ஐ.-யை எடுத்துவிட்டு 1050 டி.ஐ.-யை மாட்டுவது, சிறிது வேகம் கூடினாலும், ஒரே காலக்கெடுவுக்குள் நிற்கும் வேறொரு பொருளை வாங்குவதேயாகும். 1650-இலும் சில உற்பத்தியாளர்கள் ஆறு முனை இணைப்பை வைத்துள்ளனர். அட்டையின் விளிம்பைப் பார்த்து, அது இல்லாததைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஏ.எம்.டி. நிறுவனம் 2022-இல் கொணர்ந்த ஆர்.எக்ஸ். 6400 அட்டையும் 53 வாட்டுக்குள் இயங்குவது. ஒல்லியான பெட்டிக்கு ஏற்ற வடிவத்திலும் கிடைப்பது. ஆனால் துளையில் 16 தடங்கள் இருந்தும் இது நான்கு தடங்களை மட்டுமே பயன்படுத்துகிறது. புதிய மதர்போர்டில் இதனால் பெரிய இழப்பில்லை. பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் மூன்றாம் பதிப்பை உடைய பழைய மதர்போர்டில், தகவல் செல்லும் பாதை பாதியாகக் குறுகிவிடும். 4 ஜிகாபைட் நினைவகம் நிரம்பும் தறுவாயில் தடுமாற்றம் வெளிப்படும். காணொளியைப் பதிவு செய்து சுருக்கும் உறுப்பும் இதில் இல்லை. பாடங்களைப் பதிவு செய்யும் ஆசிரியருக்கோ, காணொளி தொகுக்கப் பயிலும் மாணவருக்கோ இது பொருந்தாது. இன்டெல் நிறுவனத்தின் ஆர்க் ஏ 380-உம் அதே 2022-இல் வந்தது. அது செவ்வனே இயங்க ‘ரீசைசபிள் பார்’ எனும் வசதி மதர்போர்டில் வேண்டும். நான்காம் தலைமுறைப் பெட்டிக்காரர் அதை விலக்கிவிடலாம்.

“சற்றுக் கூடுதலாகப் போட்டுப் பெரிய அட்டையாகவே வாங்கிவிடலாமே” என்று தோன்றுவது இயல்பு. 2021-இல் வந்த ஆர்.எக்ஸ். 6600 நல்ல அட்டைதான். 132 வாட் கேட்கும். அதற்கு எட்டு முனை இணைப்பும், அதைத் தரும் புதிய பவர் சப்ளையும் வேண்டும். அலுவலகப் பெட்டிகள் சிலவற்றில் பவர் சப்ளையின் வடிவமும் மதர்போர்டுக்குச் செல்லும் இணைப்பும் தனி வகையாக இருப்பதால், கடையில் கிடைக்கும் பொதுவகை அதில் பொருந்தாது. பெட்டியையே மாற்ற நேரும். இத்தனையும் செய்தபின், 2013-ஆம் ஆண்டுச் செயலி அந்த அட்டைக்கு வேண்டிய வேகத்தில் வேலை கொடுக்க இயலாமல் பல விளையாட்டுகளில் பின்தங்கும். அட்டையின் விலை ஒன்று; அட்டையை இயக்குவதற்கு ஆகும் விலை வேறொன்று. இரண்டாவதைக் கணக்கிட்ட பின்னரே முதலாவதைக் கொடுக்க வேண்டும்.

பழைய அட்டையை வாங்குவோர் அறிய வேண்டியன சில. எண்மக் காசு தோண்டுவதற்காக இரவு பகலாக உழைத்த அட்டைகள் பல, 2022 செப்டம்பரில் எத்தீரியம் எனும் காசின் முறை மாறியபின் சந்தைக்கு வந்தன. அவையெல்லாம் கெட்டவை என்று கூற முடியாது. விசிறியும் வெப்பப் பசையும் தேய்ந்திருக்கலாம். போலி அட்டைகளும் உண்டு. மிகப் பழைய சில்லொன்றின் உள்நிரலை மாற்றிப் புதிய அட்டையின் பெயரைச் சூட்டி விற்கின்றனர். ‘ஜி.பி.யு.-இசட்’ எனும் இலவச நிரலை ஓட்டினால் சில்லின் உண்மைப் பெயரும் அலகுகளின் எண்ணிக்கையும் தெரியும். என்விடியா போலிகள் பலவற்றை அது அடையாளம் காட்டிவிடும். பின்னர் ஒரு கனமான நிரலைக் கால் மணி நேரமாவது ஓட்டி, திரையில் கோடுகளோ நிறப்புள்ளிகளோ தோன்றுகின்றனவா, விசிறி சீராகச் சுழல்கிறதா என்று கவனிக்க வேண்டும். சோதித்துப் பார்க்க இசையாத கடையில் பணம் கொடுக்க வேண்டாம்.

எங்கே வாங்குவது என்பதும் நம்மவர்க்கு ஒரு கேள்வி. தில்லியில் நேரு பிளேஸ், மும்பையில் லாமிங்டன் சாலை, பெங்களூரில் எஸ்.பி. சாலை, கொல்கத்தாவில் சாந்தினி சௌக் ஆகியவை இத்தகைய பொருள்களுக்குப் பேர்பெற்ற இடங்கள். “அடுத்த மாதம் சென்னைக்குப் போகும்போது ரிச்சி தெருவில் தமிழிலேயே பேரம் பேசி வாங்கி வரலாம்” என்று நினைப்போரும் உளர். உற்பத்தியாளரின் உத்தரவாதம் உள்ள புதிய அட்டையாயின் அதில் பெரிய இடையூறில்லை. பழைய அட்டைக்குக் கடைக்காரர் தரும் ஒரு வாரமோ ஒரு மாதமோ ஆன உத்தரவாதம் அந்தக் கடை வாசலில்தான் செல்லும். ஆயிரம் மைல் கடந்து வந்து பழுது தெரிந்தால், திரும்பக் கொண்டுபோய்க் கொடுப்பது எவ்வாறு? பழைய பொருளை, வாழும் ஊரிலேயே வாங்குதல் உசிதம். மொழி சரளமாக வராவிட்டால், வேண்டிய அட்டையின் முழுப் பெயர், நினைவக அளவு, ‘75 வாட், தனி இணைப்பு வேண்டாம்’ என்னும் குறிப்பு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு செல்லுங்கள். பேச்சு வன்மையைவிட அத்தாள் அதிகம் உதவும். வரிசை எண் குறிக்கப்பட்ட ரசீதைப் பெறாமல் கடையை விட்டு இறங்க வேண்டாம்.

பொருத்துதல் கடினமான காரியமன்று. மின்னிணைப்பை அறவே நீக்குங்கள். வண்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்னை வெளியேற்றுங்கள். துளையின் ஓரத்திலுள்ள சிறு கொக்கியை அழுத்திப் பழைய அட்டையை நேராக மேலே எடுங்கள். புதியதைக் கொக்கி விழும் ஓசை கேட்கும்வரை அழுத்தி, திருகாணியை முடுக்குங்கள். திரைக் கம்பியை மதர்போர்டில் செருகிவிட்டு, அட்டை வேலை செய்யவில்லை என்று மயங்குவோர் உண்டு. கம்பி அட்டையில் செருகப்பட வேண்டும். பின்னர் உற்பத்தியாளரின் தளத்திலிருந்து டிரைவரைப் பெற்று நிறுவினால் வேலை முடிந்தது.

முடிவாக, வாங்காமலிருப்பதே நன்றாகும் சமயங்களும் உண்டு. விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிவுற்றது. விண்டோஸ் 11-ஓ, இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முற்பட்ட செயலிகளை முறைப்படி ஏற்பதில்லை. நாம் எடுத்துக்காட்டாகக் கொண்ட நான்காம் தலைமுறைப் பெட்டி, லினக்ஸுக்கு மாறினாலன்றி, தன் இறுதிக் காலத்தை நெருங்கிவிட்டது. அப்பெட்டிக்கென்று பெரும் பொருளைச் செலவிடுவது, காலி செய்யப் போகும் வாடகை வீட்டிற்குப் பளிங்குத் தரை போடுவதை ஒக்கும். ஆயினும் அட்டை பெட்டியோடு ஒட்டிப் பிறந்ததன்று. பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் துளையின் அமைப்பு பதிப்புக்குப் பதிப்பு ஒத்துப் போவதால், இன்று பழைய பெட்டியில் பொருத்திய அட்டையை நாளை புதிய பெட்டிக்கு எடுத்துச் செல்லலாம். எனவே, புதிய கணிப்பொறியிலும் சில ஆண்டுகள் உழைக்கவல்ல அட்டை கைக்கு அடங்கிய விலையில் கிடைத்தால் வாங்குக. இல்லையேல், அப்பணத்தை அடுத்த கணிப்பொறிக்கென்று சேமித்து வைத்தல் நன்று.

தூசி துடைத்தல், அளந்து பார்த்தல், பெட்டியின் மின்சாரத்தையும் இடத்தையும் அறிதல், டிரைவரின் ஆயுளைக் கேட்டறிதல், சோதித்து வாங்குதல் ஆகிய இவ்வைந்தையும் இதே வரிசையில் செய்பவர் ஏமாற இடமில்லை. முதல் இரண்டிற்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைப் பொழுது போதும். அவ்விரண்டோடு தீர்ந்துவிடும் குறைகளும் உண்டு என்பதை மறவாதீர்கள்.